கப்பல் கூலி யார் கொடுத்தது?

மூன்று தடவை படித்த ஒரு புத்தகத்தில் நான் தாண்டிப்போன வரியை, அதைத் தொட்டே பார்க்காத ஒரு எட்டாம் வகுப்புப் பெண் எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். இந்தக் குறிப்பு அந்த வரியைப் பற்றியது.

புத்தகம், எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் எழுதிய ‘தி விட்ச் ஆஃப் பிளாக்பேர்ட் பாண்ட்’. 1958-ல் வெளிவந்த சிறுவர் வரலாற்று நாவல். மறுவருஷம் நியூபெரி பதக்கம் வாங்கியது. அமெரிக்காவில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்த கதை இது. என்னிடம் இருப்பது ஆங்கிலப் பிரதிதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்கிறேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு இதை வாராவாரம் இரண்டு அத்தியாயமாகத் தமிழில் சொன்னேன். உள்ளூர்ப் பிள்ளைகள் பாதி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பாதி. அவர்களும் இங்கேயே பள்ளிக்கூடம் போவதால் தமிழ் நன்றாகவே வரும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1687 ஏப்ரல். பார்படோஸ் தீவில் தாத்தாவின் கரும்புத் தோட்டத்தில் செல்லமாக வளர்ந்த பதினாறு வயது கிட் டைலர், தாத்தா செத்துப்போய் சொத்தெல்லாம் கடனில் போனதும், கப்பலேறி கனெக்டிகட்டின் வெதர்ஸ்ஃபீல்ட் ஊருக்கு வருகிறாள். அங்கே அவள் அம்மாவின் கூடப்பிறந்தவள் ரேச்சல் இருக்கிறாள், அவள் புருஷன் மேத்யூ வுட் இருக்கிறார். அது பியூரிட்டன்களின் ஊர். இங்கிலாந்துத் திருச்சபை இன்னும் போதுமான அளவு சுத்தமாகவில்லை என்று சொல்லி, கடல் தாண்டி வந்து தங்களுக்கென்று ஊர் அமைத்துக்கொண்டவர்கள். ஆட்டம் பாட்டம் கிடையாது, பட்டு கூடாது, ஓய்வுநாளில் வேலை கூடாது. கிட் தண்ணீரில் குதித்து நீந்தி ஒரு சின்னப் பெண்ணின் பொம்மையை எடுத்துக் கொடுக்கிறாள். பெண்பிள்ளை நீந்தினால் அவள் சூனியக்காரியாகத்தான் இருக்கணும் என்று சந்தேகம் அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறது. ஊருக்கு வெளியே குளத்தோரம் தனியாக வாழும் ஹன்னா டப்பர் என்ற குவேக்கர் கிழவியோடு கிட் பழகுகிறாள். ஊரில் காய்ச்சல் பரவுகிறது. பழி கிழவி மேல் விழுகிறது, அவள் வீட்டைக் கொளுத்துகிறார்கள். அடுத்து கிட் மேல் வழக்கு.

இந்த நாவலுக்கு வந்திருக்கும் எதிர்வினைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கிட்டைக் காதலிப்பவர்கள். சின்ன வயதில் படித்துவிட்டு, அந்தப் புல்வெளியையும் ஹன்னாவின் பூனையையும் கப்பல்காரன் நாட் ஈட்டனையும் ஐம்பது வயதிலும் மறக்காதவர்கள். இரண்டாவது வகை, தலைப்பைப் பார்த்தே பயந்தவர்கள். 2002-ல் கனெக்டிகட்டிலேயே குரோம்வெல் என்ற ஊரில், சூனியத்தை வளர்க்கிறது என்று சொல்லி இதைப் பாடத்திலிருந்து எடுக்கச் சில பெற்றோர் கேட்டார்கள். சூனியம் என்று ஒன்றுமே இல்லை என்று சொல்லும் கதைக்கு இந்தக் கதி.

மூன்றாவது வகையினரோடுதான் எனக்கு விவாதம். கிட் 1687-ஆம் வருஷத்துப் பெண்ணே இல்லை, 1958-ஆம் வருஷத்துப் பெண்ணுக்குப் பழைய கவுன் மாட்டிவிட்டிருக்கிறார், பியூரிட்டன்களையெல்லாம் சிடுமூஞ்சிகளாக்கிவிட்டார் என்பது இவர்கள் குறை. முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேத்யூ வுட்டைப் பாருங்கள். சிரிக்காத மனுஷன், குவேக்கர் வீட்டுக்குப் போகாதே என்று கிட்டுக்குத் தடை போட்டவர். ஆனால் கூட்டம் வீட்டு வாசலில் வந்து நின்று அந்தப் பெண்ணைக் கொடு என்று கேட்கும்போது குறுக்கே நிற்பதும் அவர்தான். இங்கிலாந்து ராஜாவின் கவர்னர் வந்து காலனியின் உரிமைச் சாசனத்தைப் பறிக்கப் பார்த்தபோது கொதித்தவரும் அவரே. அவருடைய கண்டிப்பும் நேர்மையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதை ஸ்பியர் பிள்ளைகளுக்குப் புரியும்படி காட்டிவிடுகிறார். வழக்கு நடக்கும்போது, அத்தனை நாள் பெண்டாட்டிக்குப் பயந்து வாய் திறக்காத குட்மேன் கிரஃப், தன் மகளுக்கு எழுத்து தெரியும் என்று கண்டதும் நிமிர்ந்து நிற்கிற இடமும் அப்படித்தான். மனுஷர்களைத் திட்டுவதற்கென்று எழுதப்பட்ட புத்தகத்தில் இந்த இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள்.

சரித்திரத்திலும் ஆசிரியர் பெரிதாகப் பிசகவில்லை. சேலம் வழக்குகளுக்கு நாற்பத்தைந்து வருஷம் முன்னாலேயே, 1647-ல், கனெக்டிகட்டில் ஆல்ஸ் யங் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று தூக்கில் போட்டார்கள். வெதர்ஸ்ஃபீல்டிலேயே கேத்தரின் ஹாரிசன் என்ற விதவை 1669-ல் வழக்கில் மாட்டி, கடைசியில் ஊரை விட்டே போகவேண்டி வந்தது. அந்தப் பழைய தண்டனைகள் அநியாயம் என்று கனெக்டிகட் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 2023-ல்.

சரி, நம்ம பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? நீச்சல் விஷயத்துக்கு முதலில் சிரிப்பு. பழவேற்காடு ஏரியில் முங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் வீட்டுப் பையன் ஒருத்தன், “அப்படின்னா எங்க ஆயா எத்தினி வாட்டி மாட்டியிருக்கும் சார்!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மயூர்பஞ்ச் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் அப்படிச் சொல்லி ஒரு கிழவியை அடித்தார்களாம், அவள் சொந்தக்காரர்கள் ஊரையே விட்டுப் போய்விட்டார்களாம். ஒடிசாவில் இதற்கென்று தனிச் சட்டம் வந்ததே 2013-ல்தான், பீகாரில் 1999-ல். அமெரிக்க வாசகருக்கு இது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தப் பெண்ணுக்குப் பாட்டி காலத்துக் கதைகூட இல்லை.

ஆனால் என்னை உட்காரவைத்த கேள்வி அது இல்லை. முதல் வாரமே வந்த கேள்வி வேறு. பலாங்கீரிலிருந்து செங்கல் சூளைக்கு வந்து, பிறகு கம்பெனி வேலைக்கு மாறிய குடும்பத்துப் பெண் கேட்டாள்:

“சார், தாத்தா சொத்தெல்லாம் கடன்ல போச்சுன்னீங்க. அப்ப கப்பலுக்குக் காசு யார் குடுத்தா?”

தெரியவில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே நினைவில் இல்லை. அவளுக்கு ஏன் அது தோன்றியது என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் வீட்டில் ரயில் டிக்கெட் என்பது சும்மா வந்ததில்லை. சர்தார் கொடுக்கும் அட்வான்ஸில்தான் டிக்கெட். அந்த அட்வான்ஸ் கழியும்வரை சூளையை விட்டு நகர முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அதற்கு அப்புறமும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்களை மீட்ட செய்தியைப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பயணக் கூலி யார் கொடுத்தார்கள் என்பது அவளுக்குக் கதையின் முதல் கேள்வி. எனக்கு அது கேள்வியாகவே படவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். பதில் இருந்தது, போகிற போக்கில் ஒரு வாக்கியமாக. கிட் தன்னுடைய அடிமைப் பெண்ணை விற்றுக் கப்பல் கூலி கட்டியிருக்கிறாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதை அந்தப் பெண்ணிடம் திரும்புவதே இல்லை. யாருக்கு விற்றாள், அவள் அழுதாளா, எந்தக் கரும்புத் தோட்டத்துக்குப் போனாள், ஒன்றும் கிடையாது. மறுவாரம் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே பெண் கேட்டாள்: “ஏழு பொட்டி துணி எடுத்துக்கினு வந்தான்னீங்களே சார். அதை வித்திருக்கலாம்ல?”

இந்த நாவலைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. கிட்டின் ஏழு பெட்டிப் பட்டுத் துணியை வைத்து ஸ்பியர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். வண்டியில் ஏற்ற முடியாத பெட்டிகள், ஜூடித்தின் ஆசை, மேத்யூவின் கோபம். பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பெண் விற்கப்பட்டாள்.

‘அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலை வைக்கக்கூடாது’ என்ற பதில் உடனே வரும். இங்கே அது செல்லாது, ஏனென்றால் புத்தகமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. கப்பலில் குதிரை நாற்றம் அடிக்கிறது என்று கிட் முகம் சுளிக்கும்போது, அடிமைகளை ஏற்றியிருந்தால் வரும் நாற்றத்துக்கு இது எவ்வளவோ மேல் என்கிற மாதிரி நாட் திருப்பிக் கொடுக்கிறான். அவன் குடும்பம் அந்த வியாபாரத்தைத் தொடுவதில்லை. ஆக, 1687-ல் அது தப்பு என்று தெரிந்த ஆட்கள் இருந்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஹன்னாவோ குவேக்கர். மறுவருஷமே, 1688-ல், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நாலு பேர் அடிமைமுறை கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை எழுதியவர்கள் குவேக்கர்கள்தான். கிட் ஹன்னாவின் அடுப்படியில் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரு பேச்சு மட்டும் அங்கே எழவில்லை. அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கு நீதி கேட்கும் நாவல், விற்கப்பட்ட பெண்ணைப் பற்றி விசாரிக்கவே இல்லை. மொழியிலோ கட்டுக்கோப்பிலோ இதற்குக் குறை இல்லை. குறை இங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் நடந்தது என்று நாம் கையைக் கழுவவும் வழியில்லை. அந்த மாசமே பிள்ளைகளைப் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களும் பியூரிட்டன்களைப் போலவே கால்வின் வழி வந்த சபையார். அதே வேதம், அதே கண்டிப்பு. பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில், சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையோ பிள்ளைகளையோ விற்ற சோழமண்டலக் கரை ஜனங்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்குக் கப்பலேற்றியவர்களும் அவர்கள்தான். கிட் கனெக்டிகட்டில் இறங்கிய 1687-ல் இதுதான் டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம். 1690-ல்தான் நாகப்பட்டினத்துக்கு மாறியது.

தெற்கே சென்னைக் கோட்டையில் அதே 1687-ல் கவர்னர் ஆனவர் எலிஹு யேல், பியூரிட்டன் ஊரான பாஸ்டனில் பிறந்தவர். அவர் காலத்தில் இந்தக் கரையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள். 1688-ல்தான் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. சென்னையில் செல்வம் சேர்த்த யேல் 1718-ல் கனெக்டிகட்டின் ஒரு சின்னக் கல்லூரிக்குத் துணி மூட்டைகளும் புத்தகங்களும் கொடுத்தார், கல்லூரிக்கு அவர் பெயரே வந்தது. அதற்கு முன்னால் அந்தக் கல்லூரியின் வகுப்புகள் சில காலம் நடந்த ஊர்களில் வெதர்ஸ்ஃபீல்டும் ஒன்று. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது. கிட்டின் ஊருக்கும் நம்ம கடற்கரைக்கும் நடுவில் தூரம் நான் நினைத்திருந்ததைவிடக் குறைவு.

நம்ம பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. சோழர் கல்வெட்டுகளில் ‘வேளம்’ என்று ஒரு சொல் வரும். அரண்மனைப் பணிப்பெண்கள் இருந்த குடியிருப்பு, போரில் பிடித்துவந்த பெண்களும் அதில் உண்டு. கோயிலுக்கும் மடத்துக்கும் தங்களை விற்றுக்கொண்டவர்களின் ஓலைகளும் கல்லில் இருக்கின்றன. பொன்னியின் செல்வனை ஏழு தடவை படித்தேன் என்று பெருமையாகச் சொல்லும் நாம், குந்தவையின் அரண்மனையில் தண்ணீர் எடுத்து வைத்தது யார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. ஸ்பியரைக் குறை சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

பிறகு இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரிவது ஒரு சின்னப் பெண்ணை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன சிறுவர் நாவல் எனக்குத் தெரியாது. ஆனால் கொடுக்கும்போது அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனேன். மூன்று தடவை.

அடுத்த மாசம் வேறு புத்தகம் ஆரம்பிக்கிறோம். அதிலும் கதாநாயகன் ஊர்விட்டு ஊர் போகிறான். இந்தத் தடவை டிக்கெட் காசு எங்கிருந்து வந்தது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துவிட்டேன். பலாங்கீர்ப் பெண் எப்படியும் கேட்பாள்.