ஒற்றையடிப் பாதையில் ஓர் ஊரின் அணி

மலைச் சைக்கிள் பந்தயத்தின் முடிவுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தனி நேரம் மட்டுமே இடம்பெறுவதால், இது முற்றிலும் தனிநபர் விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. சாலைப் பந்தயத்தில் ஒருவர் முன்சென்று காற்றைக் கிழிக்க, மற்றவர் அவர் நிழலில் ஒதுங்கி ஆற்றலைச் சேமிக்க இயலும். வேரும் பாறையும் நிறைந்த மலைப்பாதையில் வேகம் குறைவாகவும் இடைவெளி அதிகமாகவும் இருப்பதால் அந்த உதவிக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் உண்மையே. ஆயினும் அந்தத் தனி நேரம் எங்கே உருவானது என்று பின்னோக்கித் தேடினால், தடம் பெரும்பாலும் ஓர் ஊர் அணியின் மாலை நேரப் பயிற்சியில்தான் போய் நிற்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தென்மேற்கு மூலையில் அனிமாஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள டுராங்கோவைப் போலப் பொருத்தமான ஊர் வேறு கிடைப்பது அரிது.

சுமார் 19,000 பேர் மட்டுமே வாழும் இந்த ஊரின் கணக்கு வியப்புக்குரியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் மலைச் சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்காவின் சார்பில் களமிறங்கிய இருவரும், அதாவது கிறிஸ்டோபர் பிளெவின்ஸும் ரைலி ஏமஸும், இவ்வூரில் வளர்ந்தவர்கள். ஏமஸ் ஏழாம் இடம் பிடித்தார். குறுகிய சுற்றில் ஏறத்தாழ 20 நிமிடங்களில் முடிந்துவிடும் 'ஷார்ட் டிராக்' பந்தயத்துக்கு 2021-இல் இத்தாலியின் வால் டி சோலேயில் முதன்முறையாக உலகப் பட்டம் வழங்கப்பட்டபோது அதை வென்றவர் பிளெவின்ஸ். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்ற ஹோவர்ட் கிராட்ஸும், 2023-இல் ஸ்பெயின் நாட்டைச் சுற்றிவரும் 'வுவெல்டா' சாலைப் பந்தயத்தை வென்ற செப் கஸ்ஸும் இவ்வூரின் பிள்ளைகளே. நால்வரும் சிறுவயதில் சவாரி செய்தது 'டுராங்கோ டெவோ' என்ற ஒரே ஊர் அணியில் என்பதுதான் இந்த அலசலின் தொடக்கப் புள்ளி. வளர்ச்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் செல்லச் சுருக்கமே 'டெவோ'.

இதற்கு முதலில் சொல்லப்படும் காரணம் மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,990 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உருவாக்குகிறது என்பது உடலியல் நூல்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. ஆனால் ராக்கி மலைத்தொடரில் இதே உயரத்திலும் இதைவிட உயரத்திலும் எத்தனையோ ஊர்கள் இருக்க, அவை எல்லாவற்றிலிருந்தும் ஒலிம்பிக் வீரர்கள் வரிசையாக வந்துவிடவில்லை. மலை நுரையீரலைப் பழக்கும். வளைவில் எங்கே பிரேக்கை விட வேண்டும் என்பதை அது கற்றுத்தராது. அந்தக் கல்வி மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்வது.

ரயிலோடு போட்டியிட்ட ஊர்

டுராங்கோவில் அந்தக் கைமாற்றம் தொடங்கியது ஒரு குடும்பப் பந்தயத்தில். டுராங்கோவுக்கும் சில்வர்டன் என்ற சுரங்க ஊருக்கும் இடையே ஓடும் குறுகிய பாதை நீராவி ரயிலில் வேலை பார்த்த அண்ணனுக்கும் சைக்கிள் ஓட்டிய தம்பிக்கும் இடையே எழுந்த சவால், 1972-இல் 'அயர்ன் ஹார்ஸ்' என்ற பொதுப் பந்தயமாக வளர்ந்தது. வழியில் இரண்டு கணவாய்களையும் கடக்க வேண்டும். அவை இரண்டுமே 3,200 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. ரயிலுக்கு முன்னால் சில்வர்டனைத் தொடுவதே இலக்கு என்பதால், ஊரார் அனைவருக்கும் புரியும் ஓர் அளவுகோல் தொடக்கத்திலேயே இந்த விளையாட்டுக்கு வாய்த்துவிட்டது.

1990-இல் அனைத்துலகச் சைக்கிள் சம்மேளனம் தன் முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டியை நடத்தத் தேர்ந்தெடுத்த இடமும் டுராங்கோதான். ஏற்றமும் இறக்கமும் கலந்த சுற்றுப்பாதையில் பல முறை சுற்றிவரும் 'கிராஸ் கன்ட்ரி' பிரிவில், சுவிட்சர்லாந்தின் இளம் வீரர் தாமஸ் ஃபிரிஷ்னெக்டைப் பின்தள்ளித் தங்கம் வென்ற நெட் ஓவரெண்ட் அதே ஊரில் வசித்தவர். அப்போது அவருக்கு வயது 35. மலை ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு வந்து, பலர் ஓய்வை நினைக்கும் வயதில் உலகப் பட்டம் வென்ற அவர், அதற்குப் பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. உலக வீரர் ஒருவர் அன்றாடம் அதே பாதையில் எதிர்ப்படுவதைப் பார்த்து வளரும் சிறுவனுக்கு, உலகப் பட்டம் என்பது எட்டாக்கனி என்ற அச்சம் இயல்பாகவே குறைந்துவிடுகிறது.

நேரம் எங்கே இழக்கப்படுகிறது

ஊர் அணியின் பங்கை மதிப்பிட, பந்தயத்தில் நேரம் எந்தெந்த இடங்களில் இழக்கப்படுகிறது என்று பார்ப்பது அவசியம். முதல் இடம் தொடக்கம். கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் அனைவரும் அகன்ற பாதையில் ஒன்றாகப் புறப்பட்டு, சில நூறு மீட்டருக்குள் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைக்குள் நுழைகின்றனர். அதன் முகப்பில் ஒரு பாறைப்படி இருப்பதாகவும், முன்னால் செல்லும் 40 பேரில் ஒவ்வொருவரும் அதில் அரை விநாடி தயங்குவதாகவும் கொண்டால், பின்னால் வருபவர் தன் பிழை ஏதுமின்றியே 20 விநாடிகளை இழந்துவிடுகிறார். அந்த 20 விநாடிகளை ஏற்றத்தில் மீட்க முனைபவர் தன் தாங்குதிறனுக்கு மீறி மிதித்து, கடைசிச் சுற்றில் அதற்கான விலையைக் கொடுக்கிறார். இதைத் தனியே பயிற்சி செய்து கற்க முடியாது. தோளோடு தோள் உரச, ஹேண்டில்பார் இடிக்கும் நெருக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து புறப்பட்டுப் பழகினால்தான் அந்த நெருக்கடியில் பதறாத மனம் வாய்க்கும். ஊர் அணியின் முதல் கொடை இந்தக் கூட்டமே.

இரண்டாவது இடம் இறக்கம். உலர்ந்த சரளை பரவிய வளைவை நெருங்கும்போது தேர்ந்த வீரர், வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் நுழைந்ததும் பிரேக்கை விட்டுவிடுகிறார்; வெளிப்புற மிதியைக் கீழே இறக்கி, உடல் எடையை அதன்மேல் ஊன்றி, தன் உடலைவிட வண்டியை அதிகமாக உட்புறம் சாய்க்கிறார்; பார்வையோ முன்சக்கரத்தில் நிற்காமல் வளைவு முடியும் இடத்துக்கு முன்கூட்டியே சென்றுவிடுகிறது. வளைவின் நடுவில் பிரேக் பிடிக்கும் புதியவருக்கு, டயரின் பிடிமானத்தில் ஒரு பகுதி வேகத்தைக் குறைப்பதற்கே செலவாகிவிடுவதால், திரும்புவதற்கு மிச்சம் இருப்பது குறைவு, சக்கரம் வழுக்குகிறது. இந்த விதிகளைச் சொல்லில் அடக்கப் பத்து வரி போதும். உடலில் ஏற்ற, திறமையுள்ள ஒருவரின் பின்சக்கரத்தை மூன்று மீட்டர் இடைவெளியில் தொடர்ந்து, அவர் எங்கே பிரேக்கை விடுகிறார், எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போகிறார் என்பதைப் பல மாலைகள் கண்ணால் படித்தாக வேண்டும்.

மூன்றாவது இடம் வண்டியும் வயிறும். மலைச் சைக்கிளின் டியூப் இல்லாத அகன்ற டயரில் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 25 பவுண்டு காற்றே இருக்கும். ஒன்றிரண்டு பவுண்டு கூடினால் வண்டி சரளையில் துள்ளும், ஒன்றிரண்டு குறைந்தால் கூர்ப்பாறையில் சக்கர விளிம்பு இடிபடும். போட்டிக்கு முந்தைய நாள் அணியினர் சேர்ந்து தடத்தைச் சுற்றிப் பார்த்து, அந்த மண்ணுக்கு எவ்வளவு காற்று ஏற்றது என்று தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்வதன் பயன் இங்கே தெரிகிறது. அதேபோல, விதிப்படி வெளியாரின் உதவியை ஏற்கக்கூடிய ஒரே இடமான உணவு, பழுதுபார்ப்புப் பகுதியில், ஓடும் வண்டியின் வேகத்துக்கு இசைவாகக் கையை நகர்த்தித் தண்ணீர்ப் புட்டியை நீட்டுவதும் பழகிப் பெற வேண்டிய திறமையே. பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக் டயர் பழுதாகி, அப்பகுதியில் சக்கரம் மாற்ற நேர்ந்ததில் அரை நிமிடத்துக்கும் மேல் இழந்து, பிறகு கடைசிச் சுற்றில் முன்னேறித் தங்கம் வென்றார். அவரைப் போன்ற கால்வலிமை இல்லாத அமெச்சூர் வீரருக்கு அந்த அரை நிமிடமே பந்தயத்தின் முடிவாகிவிடும். ஊதியம் பெறும் மெக்கானிக் இல்லாத ஊர் அணியில் அந்த அரை நிமிடத்தைக் காப்பவர்கள் பெற்றோரும், அன்று போட்டியிடாத தோழர்களும்தான்.

அவசரப்படாத பயிற்சி

2006-இல் சாட் சீனி, சாரா டெஸ்சர் ஆகிய இருவர் தொடங்கிய டெவோவின் தனித்தன்மை, அது வெற்றியை அவசரமாகத் தேடாததில் இருக்கிறது. மிதி இல்லாத வண்டியைக் காலால் உந்திச் செல்லும் மழலைகளிலிருந்து பள்ளியிறுதி மாணவர்கள் வரை வயதுவாரியாகக் குழுக்கள் அமைந்துள்ளன. இளம் பருவத்தில் சமநிலை, வளைவு, தாவல் ஆகியவை விளையாட்டாகவே கற்பிக்கப்படுகின்றன. இதயத்துடிப்பையும் உந்துசக்தியையும் அளக்கும் கருவிகளின் எண்கள் பிற்பாடுதான் வருகின்றன. விளையாட்டு அறிவியலின் கண்ணோட்டத்திலும் இவ்வரிசை முறையானது. நீடித்த உழைப்புக்கான தாங்குதிறனை வளர்ந்த பிறகும் பெருமளவு கூட்ட முடியும். வேகத்தில் அஞ்சாத சமநிலையைச் சிறுவயதில் பெறுவதே எளிது. பிளெவின்ஸ் சிறுவனாக இருந்தபோது மண்மேடுகளில் தாவும் பிஎம்எக்ஸ் பந்தயங்களிலும், கஸ் பனிச்சறுக்கிலும் ஈடுபட்டவர்கள் என்பதைக் காணும்போது, ஒரே விளையாட்டில் சிறுவயதிலேயே அடைத்துவைக்காத ஊரின் பொறுமை விளங்குகிறது.

கஸ்ஸின் வுவெல்டா வெற்றியும் இந்தக் கோணத்தில் கவனிக்கத்தக்கது. தலைமை வீரருக்காக உழைத்து, அவரை முன்னுக்குக் கொண்டுசெல்லும் துணை வீரராகவே அறியப்பட்ட அவர், 2023-இல் ஒரே ஆண்டில் மூன்று பெரும் சுற்றுப் பந்தயங்களிலும் ஓடி, கடைசிப் பந்தயத்தில் தன் அணியின் நட்சத்திரங்களான விங்கெகோர், ரோக்லிச் இருவருக்கும் முன்னால் முதலிடம் பெற்றார். பிறருக்காக மிதிக்கும் பழக்கம் ஒருவரின் சொந்தத் திறனைக் குறைத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அணி என்ற எண்ணத்தைப் போட்டி விதிகளே வளர்க்கக்கூடும் என்பதற்கும் அமெரிக்காவில் சான்று உண்டு. கலிஃபோர்னியாவில் 2001-இல் தொடங்கிய பள்ளி லீக்கின் தொடர்ச்சியாக 2009-இல் அமைந்த தேசியப் பள்ளிகளிடைச் சைக்கிள் சங்கத்தின் போட்டிகளில், மாணவர், மாணவியர் இரு பாலரும் ஈட்டும் புள்ளிகள் சேர்ந்தே பள்ளி அணியின் தரவரிசையை அமைக்கின்றன. இதனால் முப்பதாம் இடத்துக்குப் போராடும் மாணவியின் ஒரு முந்துதலும் அணிக்குக் கணக்காகிறது. பயிற்சியாளரின் கவனம் முதல் இடத்தவரோடு நின்றுவிட முடிவதில்லை. 2018-இல் உலகப் பட்டம் வென்ற கேட் கோர்ட்னி இப்பள்ளிப் பந்தயங்களில் ஓடி வளர்ந்தவர்.

எதை அளக்க வேண்டும்

இவ்வளவும் சொன்ன பிறகு, டுராங்கோவை அப்படியே பிரதி எடுக்கலாம் என்று முடிவு கட்டுவது தவறாகும். ஊரின் விளிம்பிலேயே தொடங்கும் மலைப்பாதைகளும், அவற்றைச் செப்பனிடத் தன்னார்வலர்கள் 1990 முதல் நடத்திவரும் அமைப்பும், கல்லூரியின் வலுவான சைக்கிள் அணியும் ஒருங்கே அமைந்த ஊர் அது. பந்தயத்துக்குரிய வண்டியின் விலை எந்த நாட்டிலும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரும் சுமை. வளர்ந்துவிட்ட பிள்ளையின் வண்டியை அடுத்த பிள்ளைக்கு மாற்றித்தரும் ஏற்பாடு இல்லாத அணி, திறமையைத் தேடுவதற்கு முன்பே வசதியை வைத்துச் சலித்துவிடுகிறது. ஒலிம்பிக் வீரர்களை எண்ணிப் பெருமைப்படுவதிலும் ஓர் ஆபத்து உண்டு: அந்த எண்ணிக்கையையே குறிக்கோளாகக் கொள்ளும் அணி, பத்து வயதில் பின்தங்கும் குழந்தைகளை இழந்துவிடும்; ஓவரெண்டைப் போல முப்பது வயதுக்குப் பிறகு மலரக்கூடியவர் அக்குழந்தைகளில் யார் என்பதை எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்லாது.

ஆகவே ஊர் அணி ஒன்றின் தரத்தை மதிப்பிட விரும்புபவர், இந்த ஆண்டின் கோப்பைகளோடு, பத்து ஆண்டுகளுக்கு முன்பு சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் வண்டி மிதிக்கிறார்கள் என்ற கணக்கையும் கேட்க வேண்டும். அக்கணக்கில் ஓவரெண்டின் ஊர் தலைநிமிர்ந்து நிற்கிறது. பனியில் ஓட்டும் பருத்த டயர் வண்டிகளுக்கான அமெரிக்கத் தேசியப் பட்டம் 2015-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, தன்னைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களை முந்தி அதை வென்ற ஓவரெண்டுக்கு வயது 59. டுராங்கோவின் மேற்கு விளிம்பில், ஓக் புதர்களுக்கு இடையே ஒற்றையடிப் பாதைகள் பின்னிக் கிடக்கும் மலைப் பூங்காவுக்கு இன்று அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. சரளை வளைவில் பிரேக்கை எங்கே விடுவது என்று ஊர்ப் பிள்ளைகள் ஒருவர் பின்சக்கரத்தை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று.