கங்காவின் வயிறு

2005 ஏப்ரலில் 'சந்திரமுகி' வெளியானபோது, படாளத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் இரண்டு முறை பார்த்தேன். அந்த வருஷமே எங்கள் தெரு அக்கா ஒருத்திக்கு நான்கு நாள் காய்ச்சலுக்குப் பின் பேச்சு குழம்பியது. தூக்கம் போனது. காரணமில்லாமல் சிரித்தாள், அலறினாள். பையன்கள் அவளுக்கு 'சந்திரமுகி' என்றே பெயர் வைத்தார்கள். முதலில் மந்திரித்தார்கள், பிறகு மனநோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். தை பிறப்பதற்குள் இறந்துபோனாள்.

சமீபத்தில் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். பேயில்லை, மனநோய்தான் என்று சொன்னதாலேயே அதைப் பகுத்தறிவுப் படம் என்று அன்று நம்பியிருந்தேன். டாக்டர் சரவணன் கங்காவின் சிறுவயதுக் கதையைத் தேடிப் போகிறார். ஆச்சாரியாரோடு சேர்ந்து பொம்மையை எரிக்கவைத்துக் குணப்படுத்துகிறார். கங்காவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. பூசாரியும் டாக்டரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்: பெண்ணின் கோளாறு அவள் மனசில் இருக்கிறது, அவளைக் கேட்க வேண்டியதில்லை.

அதே 2005இல்தான், மனக்குழப்பமும் நினைவிழப்பும் வந்த நான்கு இளம்பெண்களைப் பற்றி ஜோசப் டால்மாவ் உள்ளிட்ட மருத்துவர்கள் எழுதினார்கள். நால்வருக்கும் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி. 2007இல் காரணம் தெரிந்தது. அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசு வளரக்கூடும். அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள் மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளையும் தாக்குகின்றன. ஆராயப்பட்ட 12 பெண்களில் 11 பேருக்குக் கட்டி சினைப்பையில் இருந்தது. கட்டியை எடுத்து, ஸ்டீராய்டு முதலான சிகிச்சை தந்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். கட்டியே இல்லாமலும் இந்த நோய் வரும், ஆண்களுக்கும் வரும்.

டெரடோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சினைப்பைப் புற்றுநோயில் சிலருக்கோ 'ஆன்ட்டி-யோ' என்ற ஆன்டிபாடியோடு சிறுமூளை அழிகிறது. ஐம்பது, அறுபது வயதுப் பெண் நடக்கத் தள்ளாடுவாள், நாக்குக் குழறும். பல சமயம் புற்றுநோய் தெரிவதற்கு முன்பே இது தொடங்கிவிடும். "வயசாச்சு, விடு" என்ற சொல்லில் அந்த எச்சரிக்கை புதைந்துபோகிறது.

பெண்ணியவாதியான எனக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெண்ணின் பித்துக்கு அவள் கர்ப்பப்பையே காரணம் என்ற பழியை எதிர்த்து வந்தவர்கள் நாம். இப்போது சினைப்பையைப் பார் என்று கேட்பது பின்வாங்கல் ஆகாதா? ஆகாது. அன்று உடம்பைப் பார்க்காமலே அதன்மேல் பழி போட்டார்கள். நான் கேட்பது தண்டுவட நீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும். பழி வேறு, பரிசோதனை வேறு.

அக்காவுக்கு வந்தது இதுதான் என்று நான் சாதிக்கவில்லை. அவள் வயிற்றில் கைவைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் வழக்கு. படம் பார்த்துப் பெயர் வைக்கும் அளவுக்கு எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.