பென்சிற் குறிப்புகள்: ‘பலஸ்தீனக் கவிதைகள்’ ஒரு மறுவாசிப்பு

எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வெளிவந்தது. என்னிடமிருப்பது அதன் போட்டோக்கொப்பி. கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்ததை ஸ்காபரோவில் ஐந்தாறு பேராகப் பிரதியெடுத்துக்கொண்டோம். காஸாச் செய்திகளின் நடுவே அதை மீண்டும் எடுத்தபோது, ஓரங்களில் நான் எழுதிவைத்த பென்சிற் குறிப்புகள் கண்ணிற் பட்டன. ‘இது பலாலி’, ‘இது எங்கட ஒழுங்கை’, ‘இது 83’. பலஸ்தீனம் பற்றி ஒரு குறிப்புக்கூட இல்லை.

எனது விமர்சனம் அந்தக் குறிப்புகள் மீதானது. மொழிபெயர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆங்கிலம் வழியாக வந்தபோதும் மேடை முழக்கமாகாமல் பேச்சுக்கு அருகில் நின்ற மொழி அது. 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பின் குரலில் அதன் சுவடு உண்டென்பது என் அபிப்பிராயம். எழுபதுகளில் ஈரோஸ் இயக்கத்தினர் லெபனானில் பலஸ்தீனரிடம் பயிற்சி பெற்றதும், 1984இல் இலங்கை அரசு இஸ்ரேலியரைப் பயிற்சிக்கு அழைத்ததும் இந்த உறவை எமக்கு மேலும் இறுக்கின. (எம்மவர் சிலர் ஒரே கூட்டத்திலேயே பலஸ்தீனருக்காகக் கண்ணீர்விட்டு, ‘யூதரைப்போல நாங்களும் நாடு எடுக்கவேணும்’ என்றும் பேசுவார்கள். அது வேறு கதை.)

மஹ்மூத் தர்வீஷின் கிராமமான அல்-பிர்வா 1948இல் அழிக்கப்பட்டது. லெபனானுக்கு ஓடி, பின் இரகசியமாகத் திரும்பிய அவரது குடும்பம் அருகிலிருந்த வேறொரு கிராமத்தில் வாழ்ந்தது. 1950இன் ‘வராதோர் சொத்துச் சட்டம்’ இத்தகையோரை, நாட்டுக்குள்ளேயே இருந்தபோதும், இல்லாதவர்களாகக் கணித்து அவர்களின் காணியை அரச பாதுகாவலரிடம் ஒப்படைத்தது. ஆள் இருக்கிறார், சட்டத்தில் இல்லை. இதன் பக்கத்தில்தான் நான் ‘இது பலாலி’ என்று எழுதியிருந்தேன். ஒப்புமை கண்டவுடன் வாசிப்பை நிறுத்திவிட்டேன்.

ஸ்காபரோவில் சில ஆண்டுகளில் எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. லெபனானில் பிறந்த பலஸ்தீன அகதியின் பேரப்பிள்ளைக்கும் பொதுவாக அது கிடையாது. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்கள் அவர்களுக்கு அடைக்கப்பட்டவை. காஸா 365 சதுர கிலோமீற்றர். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களில் பெரும்பாலோர் 1948 அகதிகளும் அவர்களின் வழிவந்தோரும். 2023 ஒக்ரோபருக்குப் பின் கூடாரத்துக்குப் போனவர்களிற் பலரின் குடும்பங்களுக்கு அது முதற் கூடாரமல்ல. எனது அகதி வாழ்வை இதன்மேல் போர்த்தி மூட எனக்கு என்ன உரிமை?

‘மக்கள் சாகிறபோது வாசிப்பைப் பற்றி என்ன பேச்சு’ என்று கேட்பீர்கள். 2009 மே மாதத்தில் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி நின்றவர்கள் நாம். முள்ளிவாய்க்காலில் நடப்பதை முள்ளிவாய்க்காலாகவே பாருங்கள் என்றுதானே அன்று உலகத்தைக் கேட்டோம்?

ஆனால் என் பென்சில் மறைத்தது பலஸ்தீனரை மட்டுமல்ல. இக்கவிதைகளைத் தமிழுக்குத் தந்தவர் ஒரு முஸ்லிம்; கல்முனைக்காரர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியடிக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். அம்மாதம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் அவர்களின் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995இன் அதே ஒக்ரோபர் 30இல், வலிகாமம் இடம்பெயர்ந்தது. அந்த இரவை நாம் இன்றும் எழுதுகிறோம். முந்திய ஒக்ரோபர் 30 எமது நாட்காட்டியில் இல்லை.

1991 மாரியில், ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில், இந்தக் கொப்பியை வைத்து நாம் கவிதை வாசித்தோம். வீட்டை இழந்தவன், திறப்பைக் காக்கும் கிழவி என்றெல்லாம் உருகினோம். சோனகத் தெருவின் திறப்புகள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தெரியாமலல்ல; செய்தி எமக்கு எப்போதோ வந்துவிட்டது.

கொப்பியின் கடைசித் தாளில் அன்று வந்தவர்களின் பெயர்களைக் குறித்துவைத்திருக்கிறேன். பதினேழு பெயர்கள். அவற்றில் முஸ்லிம் பெயர் ஒன்றுமில்லை.