பழமை குற்றமல்ல, மௌனமே குற்றம்

வலைத்தளம் ஒன்றின் பெயரைத் தட்டுகிறோம். கணிப்பொறிகளுக்கோ பெயரைவிட எண்தான் வேண்டும். ஆகவே அப்பெயருக்குரிய எண் யாது என்று முதலில் விசாரித்தாக வேண்டும். இந்த விசாரணைக்கென அமைந்ததே டி.என்.எஸ். எனப்படும் பெயர் முறை. அமெரிக்க அறிஞர் பால் மோக்கபெட்ரிஸ் 1983-இல் இதனை வகுத்தார். 1987-இல் திருத்தி வெளியான விதிகளே இன்றும் இதற்கு அடிப்படை.

அவ்விதிகளின்படி, யு.டி.பி. வழியாகச் செல்லும் செய்தி 512 பைட்டுக்கு மேற்படலாகாது. அன்றைய தேவைக்கு அது போதுமானதே. பின்னர் நீண்ட முகவரிகளும், விடை மெய்யானதே என்று காட்டும் மின் கையொப்பங்களும் வந்தன. சிறிய உறையில் பெரிய கடிதம் அடங்கவில்லை. எனவே 1999-இல் பால் விக்சி ஈ.டி.என்.எஸ். என்னும் விரிவாக்கத்தை எழுதினார். 'இதைவிடப் பெரிய விடையையும் நான் பெறுவேன்' என்ற குறிப்பைக் கேள்வியோடு சேர்த்து அனுப்புவதே அதன் சாரம்.

புதிய குறிப்பு பழைய கருவிக்குப் புரியுமா? புரிய வேண்டியதில்லை. 'கேள்வியின் அமைப்பில் பிழை' என்று பதில் சொன்னால் போதும். கேட்ட கணிப்பொறி குறிப்பை நீக்கிவிட்டு மறுபடியும் கேட்கும். இவ்வாறு பழையதும் புதியதும் கூடி வாழ வழியிருந்தது.

ஆனால் சில சர்வர்களும், இடையில் நிற்கும் ஃபயர்வால் என்னும் காவற்கருவிகளும் பதிலே சொல்லாமல் கேள்வியை விழுங்கிவிட்டன. கேள்வி வழியில் தொலைந்ததா, எதிர்க்கருவி வாய் திறக்க மறுக்கிறதா என்று கேட்ட கணிப்பொறியால் அறிய முடியவில்லை. மென்பொருள் எழுதியோர் இரக்கப்பட்டனர். சற்றுக் காத்திருந்து, குறிப்பின்றி மீண்டும் கேட்கும்படி தம் நிரல்களை அமைத்தனர்.

இந்த இரக்கமே தவறு என்பது நம் கருத்து. தளம் எப்படியோ திறந்துவிடுவதால், பழுதான கருவியின் சொந்தக்காரருக்குப் பழுது தெரியவேயில்லை. காத்திருக்கும் நேரமோ பிறர் தலையில் விழுந்தது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. விதிப்படி நடக்கும் சர்வரின் விடை தற்செயலாக வழியில் தொலைந்தாலும், அதையும் ஊமைக் கருவியென முடிவு செய்து, குறிப்பின்றிக் கேட்க நேர்ந்தது. கையொப்பம் வேண்டும் என்ற கோரிக்கை அக்குறிப்பில்தான் அடங்கியுள்ளது. கையொப்பமின்றி வந்த விடையைச் சரிபார்ப்பவர் தள்ளிவிடுவார். குற்றம் ஒருவருடையது; தண்டனை வேறொருவருக்கு!

2019 பிப்ரவரி 1-ஆம் நாளைக் 'கொடி நாள்' எனக் குறித்து, பைண்ட், அன்பவுண்ட், பவர் டி.என்.எஸ்., நாட் ஆகிய மென்பொருள்களை ஆக்குவோர் இச்சலுகையை நீக்க முடிவு செய்தனர். கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற பெரிய நிறுவனங்களும் உடன்பட்டன. தம் பெயரை எவரும் சோதித்துப் பார்க்க முன்கூட்டியே வசதியும் செய்யப்பட்டது.

பழைய கருவி வைத்திருக்கும் எளியோரை இது வதைக்காதா? வதைக்காது. 1987-ஆம் ஆண்டு விதியை மட்டுமே அறிந்த சர்வரும் 'பிழை' என்று பதில் சொன்னால் தொடர்ந்து இயங்கலாம். விலக்கப்பட்டது பழமையன்று, மௌனம். இந்த வேறுபாட்டைக் கண்டதே அம்முடிவின் சிறப்பு.

குறைகளும் உண்டு. முதலாவது, இருபது ஆண்டுத் தாமதம். இரண்டாவது, ஃபயர்வாலைச் செய்தவர் தவறு செய்ய, இழப்பு தளத்தின் உரிமையாளரைச் சேர்கிறது. அவரோ தம் பெயரைப் பராமரிக்கும் பணியை வேறொருவரிடம் ஒப்படைத்தவர். கொடி நாள் என்ற சொல்லையே கேட்டிராதவராகவும் இருக்கலாம். அறிவிப்பு அவரையும் எட்டினால்தான் சீர்திருத்தம் முழுமையாகும்.

புதியதும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. விரிவாக்கத்தை நம்பி 4,096 பைட் வரை கேட்பது வழக்கமாயிற்று. பெரிய செய்திகள் வழியில் துண்டாகித் தொலைந்தன. ஐ.பி. ஆறாம் பதிப்பில் எந்தத் தடமும் தாங்கியாக வேண்டிய அளவு 1,280 பைட். அதில் தலைப்புகளுக்கு 40-உம் 8-உம் போக எஞ்சுவது 1,232. இந்த அளவையே 2020 அக்டோபர் 1-ஆம் நாள் அடுத்த கொடி நாள் பரிந்துரைத்தது. அதற்கு மேற்பட்ட விடையை டி.சி.பி. வழியாகப் பெறலாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியோடு எத்தனை ஆண்டும் சேர்ந்து வாழலாம். கேட்டும் கேளாதது போலிருக்கும் கருவிக்குச் சலுகை காட்டினால், அதன் விலையை ஊரார் கொடுக்க வேண்டியிருக்கும்.