வலப்பக்கம் சாயும் வண்டி

மோட்டோ குஸ்ஸி வி7 ஸ்பெஷலின் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் வண்டி வலப்பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்து நிமிரும். நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கினால் மறுபடியும் அதே சாய்வு. முதன்முதலாக ஏறி உட்காருபவர், வண்டி நழுவுகிறதோ என்று பதறி வலது காலை அழுத்தி ஊன்றிக்கொள்வார். இத்தாலியின் கோமோ ஏரிக் கரையில் சில வாரங்கள் இதே வண்டியில் சுற்றிய பிறகு, இதைப் பற்றி எழுதுவதென்றால் முக்கால்வாசி இந்தச் சாய்வைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

853 சிசி, 65 குதிரைத்திறன், ஆறு கியர், 21 லிட்டர் டேங்க். இந்த எண்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும், இங்கே அவற்றை விரிக்கப் போவதில்லை. ‘இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு 65 குதிரைத்திறன்தானா?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். அதை மலை ஏறும்போது சொல்கிறேன்.

முதலில் சாய்வு. பெரும்பாலான பைக்குகளில் கிராங்க் ஷாஃப்ட் குறுக்கே, சக்கரங்களின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கும். குஸ்ஸியில் அது முன்னிருந்து பின்னாக, வண்டியின் நெடுக்கே கிடக்கிறது. அதிலிருந்து 90 டிகிரி விரிந்து இரண்டு சிலிண்டர்கள் டேங்குக்குக் கீழே இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிராங்க் ஒரு பக்கமாக வேகமெடுத்துச் சுழலும்போது வண்டியின் உடம்பு எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. சுவரில் துளை போடும் டிரில்லை அழுத்தியவுடன் மணிக்கட்டு ஒரு பக்கம் திருகுமே, அதே விதிதான். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி இத்தாலியச் சாலைகளிலும் ஓடுகிற ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இல் கிராங்க் குறுக்கே இருப்பதால் இந்தப் பக்கவாட்டுத் திருகல் இல்லை. நெடுக்குக் கிராங்க் வைத்த ஹோண்டா, 1975-இல் வந்த முதல் கோல்ட்விங்கிலேயே ஜெனரேட்டரை எதிர்த் திசையில் சுழலவிட்டுச் சாய்வை அடக்கிவிட்டது. குஸ்ஸிக்காரர்கள் வி7-இல் அதை அடக்காமல் விட்டார்கள். அவர்கள் செய்ததுதான் சரி என்பது என் கட்சி.

ஒருநாள் பயணத்தை இந்த வண்டி பிறந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். கோமோ ஏரி வடக்கிலிருந்து ஒரே நீராக இறங்கி, பெல்லாஜியோ முனையில் இரண்டு கிளையாகப் பிரிகிறது. மேற்குக் கிளை கோமோ நகருக்கும் கிழக்குக் கிளை லெக்கோவுக்கும் போகின்றன. லெக்கோ கிளையின் கிழக்குக் கரையில், கிரிஞா மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது மந்தெல்லோ தெல் லாரியோ. முதல் உலகப் போரில் ஒன்றாகப் பணியாற்றிய கார்லோ குஸ்ஸி, ஜோர்ஜியோ பரோடி, ஜியோவன்னி ரவெல்லி மூவரும் போர் முடிந்ததும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்யலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். விமானியான ரவெல்லி 1919-இல் விமான விபத்தில் இறந்துபோனார். மற்ற இருவரும் 1921-இல் கம்பெனியைத் தொடங்கினார்கள். டேங்கில் சிறகு விரித்திருக்கும் கழுகு ரவெல்லியின் நினைவாக வைத்தது. பந்தயத்துக்காக எட்டு சிலிண்டர் இன்ஜினை 1955-இல் வடிவமைத்த ஜூலியோ செசாரே கார்கானோதான், 1967-இல் விற்பனைக்கு வந்த முதல் வி7-க்கும் இந்த எளிய இரட்டைச் சிலிண்டர் இன்ஜினைக் கொடுத்தார். லினோ தோந்தி அதையே சிறிதாக்கிச் செய்த இன்ஜின் வரிசை 1977-இல் தொடங்கியது. நான் ஓட்டிய 853 சிசி அந்த வம்சம். 2004 முதல் கம்பெனி பியாஜியோவின் கையில் இருக்கிறது. ஆனால் ஆலை இடம் மாறவில்லை. ஆளோடு வண்டியை வைத்துக் காற்றை வீசிப் பார்க்க 1950-இல் கட்டிய காற்றுச் சுரங்கம் இன்றும் அந்த வளாகத்தில்தான் நிற்கிறது.

காலையில் மந்தெல்லோவிலிருந்து லெக்கோ வந்து பாலத்தைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போய், வடக்கே திரும்பி 583-ஆம் எண் சாலையைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் தண்ணீர். எதிர்க்கரையில் மந்தெல்லோவும் அதன் தலைக்கு மேல் கிரிஞாவும் தெரியும். காலையில் இங்கே வடக்கிலிருந்து திவானோ என்ற காற்று வீசும். பிற்பகலில் தெற்கிலிருந்து வரும் காற்றுக்கு ப்ரேவா என்று பெயர். திவானோ குளிராக இருக்கும். சிலிண்டர்கள் முழங்காலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அவற்றின் சூடு காலைக் குளிரில் இதமாக இருக்கிறது. ஓன்னோ வரை மூன்றாம் கியரில் மெல்ல உருட்டலாம், இன்ஜின் திணறாது.

இந்த இடத்தில் நான் ஒரு குறை சொல்ல வேண்டும். வண்டி மேல் இல்லை, போனில் இருந்த வழிகாட்டும் செயலி மேல். பெயர் வேண்டாம், அநேகமாக எல்லாச் செயலிகளுக்கும் இந்தக் குணம் உண்டு. கிழக்குக் கரையில் எந்த ஊருக்கு வழி கேட்டாலும் அது 36-ஆம் எண் விரைவுச் சாலைக்குத்தான் இழுக்கும். அந்தச் சாலை நெடுந்தூரம் மலைக்குள் சுரங்கமாகவே போகிறது. சில நிமிடம் மிச்சம், ஆனால் ஏரி கண்ணில் படாது. பழைய ஊர்களுக்குள் வெளியூர் வண்டிகளுக்குத் தடை செய்த தெருக்கள் இருக்கின்றன. நுழைந்தால் கேமரா படம் பிடித்து அபராதம் வீட்டுக்கே வரும். அப்படி ஒரு தெருவின் வாசல் வரை என்னைக் கொண்டுபோய்விட்டு, ‘நேராகச் செல்லவும்’ என்றது செயலி. தடைப் பலகையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அழகான சாலைக்காக வந்தவனுக்கும் ஆபீசுக்கு ஓடுபவனுக்கும் ஒரே வழியைக் காட்டும் மென்பொருளை நான் பயண உதவி என்று ஏற்க மாட்டேன். அன்றிலிருந்து ஒரு துண்டுத் தாளில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி டேங்கில் ஒட்டிக்கொண்டேன்: ஓன்னோ, பெல்லாஜியோ, மாக்ரெலியோ, சொர்மானோ, நெஸ்ஸோ, வரென்னா, ஏசினோ, பார்லாஸ்கோ. சந்திப்புக்குச் சந்திப்பு ஊர்ப் பலகை இருக்கிறது. அதுவே போதும். வி7 ஸ்பெஷலில் முள் நகரும் இரண்டு வட்ட மீட்டர்களைத் தவிரக் கண்ணை இழுக்கும் திரை எதுவும் இல்லாததும் இந்த நிம்மதிக்குப் பெரிய காரணம்.

பெல்லாஜியோவிலிருந்து கிஸாலோவுக்கு ஏறும் சாலைதான் இந்த வண்டிக்கு உண்மையான பரீட்சை. ஏரி மட்டம் ஏறத்தாழ 200 மீட்டர், மேலே மாதா கோயில் இருக்கும் இடம் 754 மீட்டர். லோம்பார்தியா சைக்கிள் பந்தயத்தின் புகழ்பெற்ற ஏற்றம் இது. கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் 65 குதிரைத்திறனைக் கேட்பதில்லை. வளைவிலிருந்து வெளியே வரும் நொடியில் இழுவை கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. உச்ச இழுவையான 73 நியூட்டன் மீட்டர் 5000 சுழற்சியில் வந்தாலும், 3000-இலேயே அதில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் கியரில் வளைவுக்குள் போய் அதே கியரில் வெளியே வரலாம். நூறு குதிரைத்திறன் இருந்தாலும் இந்தச் சாலையில் அதை அவிழ்த்துவிட இடம் கிடையாது.

சாய்வுக்குக் காரணமான நெடுக்குக் கிராங்க் தன் கைவரிசையைக் காட்டுவதும் இங்கேதான். வேகமாகச் சுழலும் எதுவும் தன் அச்சைத் திருப்பவிடாமல் எதிர்க்கும். குறுக்கே படுத்த கிராங்கின் அச்சு, வண்டியை வளைவில் சாய்க்கும்போது கூடவே சாய வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நெடுக்கே கிடக்கும் கிராங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. வண்டி எந்த அச்சைச் சுற்றிச் சாய்கிறதோ ஏறக்குறைய அதே அச்சில்தான் அதுவும் சுழல்கிறது. பெட்ரோலோடு 220 கிலோ சுமாருக்கு எடையுள்ள இந்த வண்டி, இடுப்பைச் சற்று அசைத்ததுமே வளைவுக்குள் இறங்கிவிடுகிறது. நின்றால் உதறுகிற வண்டி வளைவில் இவ்வளவு சொன்னபடி கேட்கிறதே என்று வியந்தேன். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள். அந்த உதறல் இல்லாமல் இந்த இலகு கிடைத்திருக்காது.

இனி, கவனித்துச் செய்ய வேண்டிய ஒரு காரியம். கொண்டை ஊசிக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்குகிறோம். இடது கை கிளட்சைப் பிடிக்கிறது, கால் கியரை அமுக்குகிறது, அந்த இடைவெளியில் வலது கை ஆக்ஸிலரேட்டரை ஒரு மிடறு முறுக்கி விடுகிறது. கிளட்ச் விடுபட்டிருக்கும் அந்தக் கணத்தில்தான் ஓடும்போது சாய்வு தெரியும். ஹேண்டில்பாரின் வலது நுனி ஒரு விரல்கடை தாழ்ந்து, கண்ணாடியில் பின்னால் வரும் கார் ஒருமுறை துள்ளி நிற்கும். கிளட்சை விட்டதும் எல்லாம் அடங்கிவிடும். வலப்பக்க வளைவென்றால் வண்டியே ‘வா’ என்று முதல் அடியை எடுத்துக் கொடுப்பது போல் இருக்கிறது. இடப்பக்க வளைவென்றால் வண்டி நேராக நிற்கும்போதே கியரை இறக்கி முடித்துவிட வேண்டும். பாதி சாய்ந்தபின் முறுக்கினால் திருகல் எதிராக வேலை செய்யும். இதைப் பழகிக்கொண்டதும் டேக்கோமீட்டரைப் பார்ப்பதே குறைந்துபோனது. இன்ஜின் என்ன செய்கிறது என்பதைத் தொடையும் உள்ளங்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இன்றைய வண்டிகள் பலவற்றில் இன்ஜின் ஓடுகிறதா என்றுகூடத் தெரியாத அளவுக்கு எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டார்கள். அந்த வழவழப்பில் எனக்கு மதிப்பில்லை.

கிஸாலோவில் வண்டியை நிறுத்திக் கோயிலுக்குள் போக வேண்டும். இங்குள்ள மாதாவை 1949-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் சைக்கிள் வீரர்களின் காவல் தெய்வமாக அறிவித்தார். சின்னக் கோயில். சுவரெங்கும் சைக்கிள்கள், பரிசளித்த பனியன்கள். கோமோ வட்டாரத்துப் பையனும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தங்க வீரனுமான ஃபாபியோ கசார்தெல்லியின் சைக்கிளும் அங்கே இருக்கிறது. 1995 டூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தில் மலை இறக்கம் ஒன்றில் விழுந்து இறந்தபோது அவர் ஓட்டியது அது, நசுங்கியபடியே தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள் ஹெல்மெட் வாரை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வதைக் கவனித்தேன். நானும் இழுத்துப் பார்த்தேன்.

அடுத்து வருவதும் இறக்கம். மாக்ரெலியோவிலிருந்து கீழே வந்து, சொர்மானோ வழியாக 1124 மீட்டர் உயரமுள்ள கணவாயில் ஏறி, மேய்ச்சல் புல்வெளியைக் கடந்து மேற்குக் கிளையோரம் உள்ள நெஸ்ஸோவுக்குச் சாலை விழுந்து விழுந்து இறங்குகிறது. இன்ஜின் பிடிப்பே பாதி வேலையைச் செய்துவிடும், பிரேக்கைத் தொட வேண்டிய இடங்கள் குறைவு. முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க் ஒன்றுதான். தனியாளுக்குத் தாராளம். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றுபவர் இன்னொன்று இருந்தால் நல்லது என்று நினைப்பார். பின் ஷாக் அப்சார்பரின் ஓட்டமும் குறைவு. கல் பாவிய ஊர்த் தெருக்களில் முதுகு அதை உணரும்.

நெஸ்ஸோவில் மலைப் பிளவு வழியாக அருவி விழுகிறது, அதன் அடியில் பழைய கல் பாலம். அங்கிருந்து பெல்லாஜியோவுக்குத் திரும்பும் கரைச் சாலை குறுகலானது. எதிரே பஸ் வந்தால் நின்று வழிவிட வேண்டியதுதான். மதியத்துக்கு மிஸ்ஸோல்தினி கேட்டு வாங்குங்கள். ஏரியின் அகோனி மீனை உப்பிட்டு வெயிலில் காய வைத்து, பிரிஞ்சி இலையோடு டப்பாவில் அமுக்கி வைக்கும் ஏரிக் கருவாடு அது. சுட்டு, பொலெந்தா களியோடு தருவார்கள். கருவாடு தின்று வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவைப்படாது.

பெல்லாஜியோவிலிருந்து வரென்னாவுக்கு வண்டிகளை ஏற்றும் படகு உண்டு. முதல் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத்திலேயே நில்லுங்கள். பிற்பகல் ப்ரேவா எழுந்துவிட்டால் தளம் ஆடும். வரென்னாவிலிருந்து ஏசினோ லாரியோ ஏறுங்கள். சில நூறு பேர் வாழும் இந்த மலையூரில்தான் 2016-இல் விக்கிப்பீடியாக்காரர்களின் உலக மாநாடு நடந்தது. உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் இந்த வளைவுகள் வழியாகத்தான் பஸ்ஸில் மேலே வந்தார்கள். ஊரைத் தாண்டி அகுவெல்யோ கணவாய், மர நிழல், ஆளரவமில்லாத சாலை. பார்லாஸ்கோவில் இறங்கினால் வல்ஸாஸ்ஸினா பள்ளத்தாக்கு, தலெஜ்ஜோ பாலாடைக்கட்டியைக் குகைகளில் முதிர வைக்கும் நாடு. இன்ட்ரோபியோ, பல்லாபியோ வழியாக மாலைக்குள் லெக்கோ வந்துவிடலாம். டேங்க் பாதிகூடக் காலியாகியிருக்காது.

அறைக்குத் திரும்பியபின் வேலையும் குறைவு. பின்சக்கரத்துக்குச் சக்தி ஷாஃப்ட் வழியாகப் போகிறது. செயினைத் துடைத்து எண்ணெய் விடும் வேலையே இல்லை. சிலிண்டர் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் கண்ணெதிரே இருக்கிறது. இதுவும் கிராங்கை நெடுக்கே வைத்ததால் வந்த வசதிதான்.

நான் ஓட்டியது 2021-இல் வந்த 853 சிசி வரிசை. 2025 வரிசையில் எலெக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர் வந்து, இழுவையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஸ்போர்ட் என்ற மாடலில் முன்னால் இரண்டு டிஸ்க். ஜோடியாகப் போகிறவர்கள் அதையே பார்க்கலாம். தனியாகப் போகிறவர்களுக்கு ஸ்பெஷல் போதும். செப்டம்பரில், வார நாளாகப் பார்த்துப் போங்கள். ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் 583-ஆம் எண் சாலை முழுக்கக் கார் வரிசைதான்.