படம் எப்படி?

முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் கண்கள் வெளிச்சத்துக்குப் பழகும் முன்பே முகத்துக்கு நேரே மைக் வந்துவிடுகிறது. "அண்ணா, படம் எப்படி இருக்கு?" பதில் சொல்லப் பதினைந்து நொடி கிடைத்தால் அதிகம். "ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்", "ஒருவாட்டி பார்க்கலாம்", "தலைவர் வேற லெவல்", "மொக்க, காசு தண்டம்". நடிப்பைப் பற்றிக் கேட்டால் "வாழ்ந்திருக்கார்" என்பார்கள், அல்லது "ஓவர் ஆக்டிங்" என்பார்கள். இரண்டரை மணி நேரப் படமும், அதற்குப் பின்னால் இருக்கும் ஒன்றிரண்டு வருட உழைப்பும் அந்தப் பதினைந்து நொடிக்குள் அடங்கி, மதிய உணவு வேளைக்குள் ஊர் முழுக்கக் கைப்பேசியில் ஓடுகின்றன.

பார்த்ததை உடனே பகிரும் இந்த வழக்கத்தைச் சினிமாக்காரர்களில் ஒரு சாரார் சாபம் என்கிறார்கள். ரசிகர்களில் ஒரு சாரார் இது தங்கள் பிறப்புரிமை என்கிறார்கள். இரு தரப்பும் அதன் வேகத்தையும் காரத்தையும் பற்றியே பேசுகின்றன. என் கவலை வேறு. நாம் தீர்ப்புச் சொல்லப் பழகிவிட்டோம், பார்த்ததைச் சொல்ல மறந்துகொண்டிருக்கிறோம். இதனால் அதிகம் இழப்பவர்கள் நடிகர்கள்.

முதலில் நன்மையைச் சொல்லியாக வேண்டும். தமிழில் நல்ல படங்கள் பலவற்றைப் பிழைக்க வைத்தது விளம்பரத்தைவிடப் பார்த்தவர்களின் வாய்தான். 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' முதல் சில வாரங்கள் கூட்டமில்லாமல் ஓடியது. பெரிய விளம்பரமும் இல்லை. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டிலும் தேநீர்க் கடையிலும் பேசிப் பேசித்தான் அரங்கம் நிறைந்தது. அதில் ரஜினிகாந்த் நடித்த காளியைப் பார்த்த கே. பாலசந்தர், அவரை அறிமுகப்படுத்தியதில் பெருமைப்படுவதாகக் கடிதம் எழுதினார். அதுவும் ஒரு நடிப்புக்கான எதிர்வினைதான். ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரின் வேலையை உற்றுப் பார்த்து, உட்கார்ந்து எழுதியது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1999 டிசம்பரில், வாங்க ஆளில்லாமல் தவித்து ஒரு வழியாக வெளியான பாலாவின் 'சேது'வையும் இதே வாய்வார்த்தைதான் தூக்கி நிறுத்தியது.

அந்த வலிமை இன்றும் குறையவில்லை. 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து', பெரிய நட்சத்திரம் இல்லாத கிரிக்கெட் படம். 2025 மே 1 அன்று, சூர்யாவின் 'ரெட்ரோ' வெளியான அதே நாளில் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', ஓர் இளம் இயக்குநரின் முதல் படம். இரண்டும் பார்த்தவர்களின் பேச்சால்தான் வளர்ந்தன. முன்பு ஒரு படத்தின் தரத்தைப் பத்திரிகைகளில் எழுதிய சிலர் தீர்மானித்தார்கள். 'பதினாறு வயதினிலே'வுக்கு ஆனந்த விகடன் தந்த 62½ மதிப்பெண்ணை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், அந்த ஒரு பக்கத்துக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்திருக்க வேண்டும்! இன்று நீடாமங்கலத்துக்காரர் தஞ்சைப் பேச்சு சரியாக ஒலித்ததா என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் ஈழத்தமிழ் எங்கே பிசகியது என்று சொல்லலாம். சென்னையில் உட்கார்ந்திருக்கும் எந்த விமர்சகரின் காதுக்கும் எட்டாத விஷயம் அது.

உடனடி எதிர்வினைக்கு உடனடிப் பலனும் உண்டு. 2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியானபோது, காது வலிக்கிறது, சத்தம் தாங்கவில்லை என்று பார்வையாளர்கள் சொன்னார்கள். ஒலியின் அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். இன்ன இடத்தில் இன்ன குறை என்று பார்வையாளர் குறிப்பாகச் சொன்னதால் அடுத்த காட்சிக்கு வந்தவரின் காது பிழைத்தது. இந்த வழக்கத்துக்கு ஆதரவாக இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே 'கங்குவா'வைப் பற்றி அதே வாரத்தில் வந்த மற்ற பேச்சுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சத்தத்தைப் பற்றிய புகார் படத்தைப் பற்றியது. நாயகனின் குடும்பத்தை இழுத்தவை, அவர் முகத்தை வெட்டி ஒட்டிக் கேலிப்படமாக்கியவை, இன்னொரு நடிகரின் ரசிகர் என்பதாலேயே கொண்டாடித் தீர்த்தவை படத்தைப் பற்றியவை அல்ல. ஆனால் கைப்பேசித் திரையில் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே அளவில்தான் ஓடின. உருப்படியான புகாரும் வெறும் வன்மமும் ஒரே பெயரில் 'பப்ளிக் ரிவியூ' ஆகிவிட்டன. இது முதல் குறை.

இரண்டாவது குறை, தேர்ந்தெடுப்பு. ஒரு காட்சியிலிருந்து எண்ணூறு பேர் வெளியே வருகிறார்கள். அதில் மைக் நோக்கிப் பாய்கிறவர்கள் சிலர். அவர்களில் சத்தமாகப் பேசிய நாலு பேர் காணொளியில் மிஞ்சுகிறார்கள். படம் பிடித்துப்போய் ஒன்றும் பேசத் தோன்றாமல் வண்டி நிறுத்தத்தை நோக்கி நடப்பவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, கேட்டாலும் அவரிடம் சொல் இருக்காது. சில படங்கள் அப்படித்தான் செய்யும். அந்த மௌனத்துக்கு இந்த முறையில் இடமே இல்லை.

மூன்றாவது குறை, காலம். 'முள்ளும் மலரும்' சில வாரம் காத்திருக்க முடிந்தது. இன்று வெள்ளிக்கிழமை வந்த படத்துக்குத் திங்கட்கிழமையே காட்சிகள் குறைந்துவிடும். 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ'வுக்குக் கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே காட்சி. தமிழ்நாட்டில் 9 மணிக்கு. இங்கே மக்கள் இருக்கையில் உட்காரும் முன்பே பாலக்காட்டிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. 'மெய்யழகன்' நீளம் என்று முதல் நாளே பேச்சு கிளம்பியது. சில நாளில் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். நிதானமாகப் பேசுவதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது. தன்மீது இவ்வளவு பாசம் காட்டுகிறவனின் பெயர் நினைவுக்கு வராமல், அதைக் கேட்கவும் கூசி, அர்விந்த் சுவாமி ஓர் இரவு முழுக்கத் தவிக்கிறார். அந்தத் தவிப்பு முகத்தில் ஊறிவர நேரம் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பார்ப்பவருக்கு அது தெரியாது. நீளம் என்ற குறை பொய்யென்று நான் சொல்லவில்லை. அது உண்மையா என்று யோசிக்கக்கூட யாருக்கும் ஒரு வாரம் கிடைக்கவில்லை என்கிறேன்.

சில நடிப்பு இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரியும். 'மகாராஜா'வில் விஜய் சேதுபதி காவல் நிலையத்துக்குப் போய், குப்பைத்தொட்டி காணாமல் போன கதையை ஒவ்வொருவரிடமும் ஏற்ற இறக்கமே இல்லாத அதே குரலில் ஒப்பிக்கிறார். முதல் முறை அது சிரிப்பு. முடிவு தெரிந்த பிறகு பார்த்தால், அந்த ஒரே குரலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவரால் முடிந்த ஒரே காரியம் என்று புரிகிறது. அந்தத் தட்டையான குரல்தான் நடிப்பு. இடைவேளையில் "ஹீரோ எக்ஸ்பிரஷனே காட்டல" என்று பதிவிட்டவர் கண்ணெதிரே நடந்ததைத் தவறவிட்டார். அவர் அவசரக்காரர் இல்லை. முடிவு தெரியும் முன்பே பேசச் சொல்லி அவரிடம் கேட்டதுதான் தவறு.

நான்காவதும் எனக்கு மிக முக்கியமானதுமான குறை, சொல் பஞ்சம். நடிப்பைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு சொற்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. "வாழ்ந்திருக்கார்" என்றால் என்ன? அழுதால் வாழ்ந்திருக்கிறார், எடை குறைத்தால் வாழ்ந்திருக்கிறார், சேற்றில் புரண்டால் வாழ்ந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற பாட்டைத்தான் அந்தச் சொல் பாராட்டுகிறது. அதன் மறுபக்கம் "ஓவர் ஆக்டிங்". கூத்திலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்த நடிப்புக்குக் குரலை எறியவும் கையை வீசவும் தேவை இருந்தது, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். சிவாஜி கணேசன் அந்த மேடையைத் திரைக்குக் கொண்டுவந்தவர். கட்டபொம்மன் பேசுவதற்கு ஓர் அளவு உண்டு, வீட்டு முற்றத்தில் அண்ணன் பேசுவதற்கு வேறொரு அளவு உண்டு. எந்தக் காட்சிக்கு எந்த அளவு என்று கேட்காமல் ஒரே சொல்லால் அடித்தால், அது நடிகருக்கு மட்டுமல்ல, ஒரு மரபுக்கே செய்யும் அநீதி.

2024 ஆகஸ்ட் 23 அன்று 'கொட்டுக்காளி' வந்தபோது அக்காவோடு போயிருந்தேன். சூரியின் தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கும். கரகரத்த குரலோடுதான் படம் முழுக்க வருவார். அன்னா பென் ஏறக்குறைய முழுப் படமும் பேசுவதே இல்லை. பின்னணி இசையும் கிடையாது. வெளியே வந்தபோது ஓர் இளைஞர், "அந்தப் பொண்ணு என்னங்க நடிச்சுச்சு? சும்மா உக்காந்திருந்துச்சு" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் நின்றேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் புள்ள வாயே திறக்கலடா. ஆனா ஆட்டோல இருந்த அத்தன பேரும் அவளுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தாங்க, பார்த்தியா?"

ஒரு வரி. தீர்ப்பு கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் படம் எனக்கு வேறு படமாகிவிட்டது. பேசாமலிருப்பது எப்படி அதிகாரமாகும் என்று ஒரு நடிகை செய்து காட்டியதை, சினிமாவைப் படிக்காத ஒரு பெண் பார்த்திருக்கிறாள். பகிர வேண்டியது இதைத்தான்.

இதே சொல் பஞ்சத்தால் முழுசாகவே காணாமல் போகிறவர்களும் உண்டு. தமிழ் சினிமாவில் நாம் பாராட்டும் நடிப்பில் பாதி, குறிப்பாக நடிகையர் விஷயத்தில், வேறொருவரின் குரல். '96' படத்தின் ஜானுவை நினைக்கும்போது த்ரிஷாவின் கண்களோடு சின்மயியின் குரலும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. 'சேது'வுக்கு முன்பு விக்ரமே பல நாயகர்களுக்குக் குரல் கொடுத்தவர். "செம ஃபீல்" என்று சொல்பவருக்கு அந்த உணர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. முகமா, குரலா, வெட்டிய இடமா, இசையா? கேட்டால்தான் பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியும்.

அப்படியானால் தடை போட்டுவிடலாமா? 'கங்குவா'வுக்குப் பிறகு, 2024 நவம்பரில், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூபர்களை விட வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சங்கம் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. விமர்சனம் கருத்துரிமையின் பகுதி என்று சொல்லி, அப்படியொரு தடை விதிக்க நீதிமன்றம் டிசம்பரில் மறுத்தது. அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். டிக்கெட், பாப்கார்ன், வண்டி நிறுத்தம் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தவனின் வாயை மூன்று நாளைக்குக் கட்டிப்போடுவது நியாயமில்லை. முதல் காட்சிக்கு முன்பே பாராட்டு விளம்பரங்களைக் கொட்டுகிறவர்கள், குறையை மட்டும் நாலாம் நாள் சொல் என்று கேட்க முடியாது. மூன்று நாள் வாயடைத்திருந்தால் 'லப்பர் பந்து' போன்ற படம் யார் வாயால் பிழைக்கும்? ஆனால் தயாரிப்பாளர்களின் வலி பொய்யில்லை. வசையைத் தண்டிக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். தீர்ப்பின் வறுமையைத் தீர்க்க எந்தச் சட்டத்தாலும் முடியாது, பேசுகிற நாம்தான் தீர்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. காது வலித்தவர் "சத்தம்" என்று ஒரு இடத்தைத் தொட்டுச் சொன்னார், சத்தம் குறைந்தது. அக்கா ஆட்டோவைத் தொட்டுச் சொன்னாள். நல்லது என்றாலும் கெட்டது என்றாலும், படத்திலிருந்து ஒரு இடத்தை எடுத்துக் காட்டிச் சொல்லும் பேச்சு கேட்பவரையும் பார்க்க வைக்கிறது, நடிகருக்கும் எதையாவது கற்றுத் தருகிறது. இடம் காட்டாத பாராட்டும் வசையும் ஒரே மாதிரி காற்றில் போகின்றன.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது படம் பார்த்துவிட்டு வந்து "சூப்பர்" என்றோ "மொக்க" என்றோ சொன்னால், அக்கா அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "எந்த இடத்துல?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. சில நாள் சாப்பாடு ஆறிப்போகும்வரை அது முடிவதில்லை.