மாயையும் மருளும் படிறும்

கானல், பேய்த்தேர், மருள், திரிபு, வேடம், படிறு, மாயம், மாயை என்பன உள்ளதை உள்ளவாறு காட்டாத தோற்றத்தைப் பற்றித் தமிழில் வழங்கும் சொற்களுள் சில. இவற்றை ஒரு வரிசையில் எழுதி, எதிரே 'பொய்த்தோற்றம்' என ஒரே பொருளை எழுதிவிடுவது வகுப்பறைகளில் எளிதாக நிகழ்கிறது. மாணவரும் ஒன்றற்கு மற்றொன்றைத் தயங்காது மாற்றி எழுதுகின்றனர். இது தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் சொற்களைச் செய்யுளில் தொகுத்து வைத்தன. மனப்பாடத்துக்கு அஃது ஏற்ற முறை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் ஒரு சொல்லுக்குரிய பொருள்களை எண்ணிட்டுத் தருகிறது. தொகுத்துத் தருவதே அந்நூல்களின் பணி. ஆதலின் குறை அவற்றினிடம் இல்லை. தொகுப்பில் அடுத்தடுத்து நிற்பதனாலேயே சொற்கள் ஒத்த பொருளுடையன எனக் கொள்ளும் நம் பழக்கத்தில்தான் குறை உள்ளது. இச்சொற்களைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். பிழை எங்கே இருக்கிறது? பொருளிடத்தா, காண்பானிடத்தா, காட்டுவானிடத்தா?

பொய் சொல்வார் இல்லாத தோற்றம்

முதலில் பேய்த்தேரைக் காண்போம். சங்கப் பாலைப் பாட்டுகளில் இது வெண்டேர் எனவும் வழங்கும். வெயிலால் நிலம் கொதிக்க, அதனை ஒட்டிய காற்றும் சூடேறுகிறது. அக்காற்றினூடே வரும் வான் ஒளி வளைந்து கண்ணை அடைகிறது. தரையில் நீர் கிடப்பதுபோல் தோன்றுகிறது. நண்பகலில் நம் நாட்டு நெடுஞ்சாலைத் தாரிலும் இதனைக் காணலாம். கண்ணுக்கு வந்த ஒளி மெய்யே. அதனை நீர் என்று கொண்டதே பிழை. இங்கு ஏமாற்ற எண்ணியவர் எவரும் இலர். வடமொழியார் இதனை மிருகதிருஷ்ணை, அதாவது மானின் வேட்கை, என்றனர். அப்பெயர் காண்பவனது தாகத்தைச் சுட்டுகிறது. தமிழர் இட்ட பெயரோ காட்சியையே சுட்டுகிறது. நெருங்க நெருங்க அகன்று ஓடுவதால் தேர் என்றனர் போலும்.

காண்பானது பிழை

மருளும் திரிபும் காண்பானைச் சார்ந்தவை. பொருளல்லாதவற்றைப் பொருளென உணரும் மயக்கத்தை 'மெய்யுணர்தல்' அதிகாரத்தின் முதற் குறளில் (351) வள்ளுவர் மருள் என்கிறார். மணிமேகலையின் 27ஆம் காதை, அளவைப் போலிகள் எட்டனுள் ஒன்றாகத் 'திரியக்கோடல்' என்பதனைக் கூறி, இப்பியை வெள்ளியென உணர்வதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. இப்பி தன்னை வெள்ளி என்று சொல்லிக்கொள்ளவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பற்றிய நம் வழக்கும் இவ்வகையதே. பழி பாலுக்கும் அன்று, வெண்மைக்கும் அன்று.

காட்டுவானது குற்றம்

படிறும் வேடமும் இவற்றின் வேறானவை. 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரம் முழுவதும் இவற்றைப் பற்றியதே. அங்கு முதற் குறளிலேயே (271) படிறு என்னும் சொல் வருகிறது. புறம் சிவந்து மூக்குக் கறுத்த குன்றிமணியும், புதரில் மறைந்து பறவையைப் பிடிக்கும் வேட்டுவனும் அவர் காட்டும் உவமைகள். புலித்தோல் போர்த்துப் பயிரை மேயும் பசுவையும் (273) அங்கே காண்கிறோம். நாமோ இன்று 'பசுத்தோல் போர்த்த புலி' என்று தலைகீழாக வழங்குகிறோம். இரண்டும் ஒன்றல்ல. வள்ளுவரின் பசு வலிமையின்மையை மறைக்கிறது. நம் வழக்கின் புலி கொடுமையை மறைக்கிறது. ஆயினும் இரண்டிடத்தும் போர்வையை எடுத்துப் போர்த்தது அவ்விலங்கே. ஆதலின் இங்கு மருள், திரிபு என்னும் சொற்கள் பொருந்தா.

மாயமும் மாயையும்

மிகுதியும் குழப்பப்படுவன இவ்விரண்டே. மாயம் பழந்தமிழில் வஞ்சனையைக் குறிக்கும். 1258ஆம் குறளில் தலைவி தன் தலைவனைக் கள்வன் என்கிறாள்; அவனிடம் மாயம் பல என்கிறாள். இங்கு மாயம் என்பது ஒருவன் அறிந்தே செய்யும் பொய். காதல் பற்றி வந்தமையால் இனிதாயிற்று.

மாயை என்பதோ சமய நூல்களின் கலைச்சொல். அது வடசொல் என்பாரும், 'மாய்' என்னும் தமிழ் வேரினது என்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டா. பொருளைக் காண்போம். அத்துவித வேதாந்தத்தில் உலகம் மித்தை. கயிற்றில் தோன்றும் அரவு போல்வது. அங்கே மாயையைப் பொய்த்தோற்றத்தோடு சேர்த்துப் பேசலாம். சைவ சித்தாந்தத்திலோ மாயை என்றும் உள்ள ஒரு பொருள், உலகுக்கு முதற்காரணம். உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கும் அதிலிருந்தே உயிருக்குக் கிடைக்கின்றன. மும்மலங்களுள் அறிவை மறைப்பது ஆணவம். மாயையோ பொழுது விடியும் வரை உதவும் விளக்குப் போலச் சிறிது ஒளி தருவது. சித்தாந்தச் செய்யுளில் வரும் மாயைக்குப் 'பொய்த்தோற்றம்' என்று உரை எழுதினால், விளக்கை இருள் என்று கூறியவராவோம்.

இன்றைய வழக்கு

இது புலவர்களின் சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. மலாய் மொழியில் இணையவெளியை 'ஆலம் மாயா' என்கின்றனர். தமிழில் 'மெய்ந்நிகர்' என்னும் நல்ல ஆக்கம் இருக்க, நாமும் சிலபோது 'மாய உலகம்' என்று எழுதுகிறோம். அங்கு நடைபெறும் வகுப்பும் வாணிகமும் மெய்யானவை. 'மாயம்' என்பது அவற்றுக்குப் பொருந்தவில்லை.

இதனினும் தீங்கானது ஒன்றுண்டு. இன்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒருவர் முகத்தையும் குரலையும் படைத்து, அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டிப் பணம் பறிக்கின்றனர். இதனை 'மாயத் தோற்றம்' என்று எழுதும்போது, மாயம் என்பதன் பழம்பொருளை அறியாத இற்றை வாசகர் அதனை வியப்புக்குரிய வித்தையாகவே கொள்வர். 'கானல்' என்றால் தானே தோன்றியது ஆகிவிடும். 'மருள்' என்றால் ஏமாந்தவர் மேலேயே பழி விழும். செய்தவன் ஒருவன் உளன் என்பதை இவை சொல்லா. அதற்குரிய சொற்கள் போலியும் படிறும் வஞ்சனையுமே.

ஆகவே ஆசிரியர்கள் இச்சொற்களைப் பட்டியலாகக் கற்பியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியுடன் கற்பிப்பது நன்று. சாலையில் தெரியும் நீர், கயிற்றில் தெரியும் அரவு, தோல் போர்த்த விலங்கு ஆகிய மூன்றையும் காட்டி, "இங்கே பொய் யாருடையது?" என்று கேட்கட்டும். விடை கூறக் கற்ற மாணவன் சொல்லையும் மாற்றி எழுதான்; பிறர் போர்த்திய தோலையும் எளிதில் நம்பான்.